மூக்கு எழுத்து

மூன்று பள்ளிக்கூடங்களையும் நேரில் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள் என்று சத்தியப்பிரியா சொல்லிவிட்டுப் போன மறுநாளே ஆசைத்தம்பி பட்டறைக்கு லீவு விட்டான். பங்குனி மாதத்தில் அப்படிச் செய்கிறவன் அல்ல அவன். சித்திரையில் வீடு குடிபோகிறவர்கள் எல்லோரும் பங்குனியில்தான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நெருக்குவார்கள். செக்காலை ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்தது அவனுடைய அலுமினியப் பட்டறை. காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு மிஷினில் சட்டங்களை அறுக்க ஆரம்பித்தால் தெருமுனைவரை பல் கூசும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில்தான் அவன் மகள் தீபலட்சுமி கைக்குழந்தையாகத் தொட்டிலில் கிடந்து தூங்கினாள். எதற்கும் சிணுங்காத பிள்ளை என்று பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். இரண்டு வயது தாண்டியும் பேச்சு வராதபோதுதான் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பது தெரிந்தது.

இப்போது அவளுக்கு ஆறு வயது. சிவகங்கையில் நடந்த முகாமில் கொடுத்த மிஷின் இரண்டு காதிலும் இருக்கிறது. அதைப் போட்டால் பஸ் ஹாரன் கேட்கும், குக்கர் விசில் கேட்கும், கூப்பிட்டால் திரும்புவாள். ஆனால் பேச்சு என்பது அவளுக்கு உடைந்து உடைந்துதான் வந்து சேர்ந்தது. மீதியை எதிரில் இருப்பவர்களின் வாயைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். சாக்கோட்டை வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருமுறை ஸ்கூட்டியில் வரும் சத்தியப்பிரியா, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே பயிற்சி எடுத்தவள். படங்களைக் காட்டிச் சொற்களைப் பழக்கியவள் அவள்தான்.

நர்சரிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அங்கே இரண்டு வருடமும் கடைசி வரிசையில் உட்கார்ந்து படத்துக்குக் கலர் அடித்ததுதான் மிச்சம். ஒன்றாம் வகுப்புக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாசி மாதமே பக்குவமாகச் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சுதான். வெளியூரில் விடுதியோடு இருக்கிற காது கேளாதோர் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்றான் ஆசைத்தம்பி. அங்கே போய்ப் படித்து வேலைக்குப் போன பையன் ஒருவனை அவனுக்குத் தெரியும். நாகவல்லி தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். ஜவுளிக்கடைகளிலிருந்து வருகிற சேலைகளுக்கு அடிப்பக்கம் பால்ஸ் துணி வைத்து ஓரம் அடித்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. கோபம் வந்தால் மிஷின் வேகமாக ஓடும். அன்று ஓடிய ஓட்டத்தில் ஊசி முறிந்தது. பிள்ளைக்குத் தலைவாரத் தெரியாது, ராத்திரி விழித்தால் கை தேடும், பக்கத்தில் ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். கடைசியில் சத்தியப்பிரியா நடுவில் புகுந்து, பக்கத்திலேயே மூன்று அரசுப் பள்ளிகளைச் சொன்னாள். மூன்றும் சரிவராவிட்டால் ஜூன் மாதம் விடுதி என்று ஆனது. நாகவல்லி தலையாட்டினாள். ஆட்டிய பிறகு அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

முதலில் போனது ஊருக்குள் இருக்கிற பெரிய பள்ளிக்கூடம். காலைச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நேரம். கிச்சடி வாசம் வராந்தா முழுக்க அடித்தது. ஆசைத்தம்பி வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் படித்த காலத்தில் மழை வந்தால் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு மூலைக்கு ஓட வேண்டும். இங்கே தரையில் முகம் தெரிந்தது. சுவரில் சூரியனும் கிரகங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. வகுப்புக்கு வகுப்பு தொடுதிரை. விரலால் தொட்டால் அதில் யானை நடந்தது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு சிறுவனை இரண்டு பிள்ளைகள் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் ஏதோ சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே போனான். அரசாங்கப் பள்ளிக்கூடம் இப்படி ஆகிவிட்டதா என்று ஆசைத்தம்பி நாகவல்லியிடம் இரண்டுதரம் கேட்டான். ஜன்னலைத் தள்ளிப் பார்த்தான். பிசிறில்லாமல் ஓடியது.

தலைமையாசிரியை நன்றாகப் பேசினார். முன் வரிசையில் உட்கார வைக்கலாம், வகுப்பாசிரியையிடம் நானே சொல்கிறேன் என்றார். ஒன்றாம் வகுப்புக்குக் கூட்டிப்போனார். அறை நிறையப் பிள்ளைகள். டீச்சர் கையைத் தூக்கியதும் அத்தனை பேரும் சேர்ந்து பாட்டை ஆரம்பித்தார்கள். சந்தோஷமான சத்தம்தான். ஆனால் அது வழுவழுத் தரையிலும் கான்கிரீட்டிலும் பட்டுப் பட்டுத் திரும்பி அறைக்குள்ளேயே சுழன்றது. தீபா முகத்தைச் சுருக்கினாள். பிறகு காதிலிருந்த மிஷின் இரண்டையும் கழற்றி, அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

தலைமையாசிரியையும் அதைப் பார்த்தார். வாசல்வரை வந்து, போகப்போகப் பழகிவிடும், எதற்கும் மற்ற இடங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டாவது பள்ளி திருப்பத்தூர் ரோட்டில், கோவிலூர் போகிற வழியில். அங்கேயும் குறை சொல்ல எதுவும் இல்லை. முற்றத்தில் பிள்ளைகளே பாத்திகட்டி வெண்டை போட்டிருந்தார்கள். ஆனால் மதிலுக்கு வெளியே ஜல்லி லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. லாரி கடக்கும்போதெல்லாம் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, அது போனபின் தொடர்ந்தார். பிள்ளைகளும் அதற்குப் பழகி, அந்த இடைவெளியில் பென்சில் சீவிக்கொண்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் அந்த டீச்சர் நாகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பொய் சொல்லக்கூடாதும்மா. இந்த மாதிரிப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கணும்னு எனக்குத் தெரியல. சேத்துக்கிடச் சொன்னாச் சேத்துக்குவேன். ஆனா தெரியாம வச்சுக்கிட்டுப் பிள்ளை காலத்தைக் கெடுத்துருவேனோன்னு பயமா இருக்கு."

அவரைக் குறை சொல்ல நாகவல்லிக்கு மனம் வரவில்லை. வெளியே வந்து வண்டியருகே நின்றாள். வெயில் தலையைப் பிளந்தது. ஆசைத்தம்பி தண்ணீர் பாட்டிலைத் திறந்து பிள்ளைக்குக் கொடுத்தான். மூன்றாவது இடம் மானகிரியைத் தாண்டி உள்ளே போகிற நெல்லியூருணி. இரண்டு டீச்சர் மட்டும் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம். பெரிய பள்ளிக்கூடத்திலேயே ஆகாதது அங்கே போய் என்ன ஆகப்போகிறது என்று அவனுக்குத் தோன்றியது. திரும்பிவிடலாம் என்றான்.

"மூணுன்னுதானே சத்தியப்பிரியா சொன்னுச்சு. மூணாவதையும் பாத்துட்டுத் திரும்புவோம். நீங்க வண்டிய எடுங்க" என்றாள் நாகவல்லி.

மானகிரி தாண்டியதும் செம்மண். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. ஊருணிக்கரையில் சுண்ணாம்பு அடித்த ஓட்டுக் கட்டடம் ஒன்று, அதற்கு முன்னால் ஒரு புங்கமரம். மரத்தடியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் ஞானசேகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டைச் சட்டியோடு நடந்துகொண்டிருந்தார். சமையல் உதவியாளுக்குக் காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. வந்தவர்களைப் பார்த்ததும் யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்காமல், "பாப்பா சாப்பிட்டுச்சா?" என்றுதான் கேட்டார். தீபாவுக்கும் ஒரு தட்டு வந்தது. சாம்பார் சாதத்தின் மேல் முட்டையை வைத்தார். அவள் முட்டையை மட்டும் முதலில் தின்றாள்.

சாப்பாடு முடிந்து மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளுக்கும் ஒரே அறை. அவற்றுக்கெல்லாம் இன்பமேரி டீச்சர். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி, கையில் சுண்ணாம்புக்கட்டி. விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்த நாகவல்லியை, உட்காருங்கள், ஒரு பாடம் முடியட்டும் என்று சுவரோரம் பாயில் உட்கார வைத்தார். தீபாவை அழைத்துப்போய்ப் பிள்ளைகளோடு உட்கார வைக்கவில்லை. அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் அப்படியே விட்டுவிட்டார்.

பலகையில் 'ப' என்று எழுதினார். பக்கத்தில் 'ம' என்று எழுதினார். பிள்ளைகள் யாரும் கத்தவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, "ப" என்றது. உள்ளங்கையில் காற்று வந்து மோதுகிறதா என்று பார்த்துக்கொண்டது. பிறகு இரண்டு விரலை மூக்கின் இரு பக்கமும் வைத்துக்கொண்டு, "ம்ம்ம்" என்றது. அத்தனை பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட்டபடி முணுமுணுத்தார்கள். ஓட்டுக்கூரைக்குக் கீழே தேன்கூட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

"இது என்ன எழுத்து?" என்றார் டீச்சர்.

"மூக்கு எழுத்து" என்றார்கள்.

'க' வை எழுதினார். நெஞ்சில் கையை வைத்து, நெஞ்சு எழுத்து என்றார்கள். 'ழ' வை எழுதினார். கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கழுத்து எழுத்து என்றார்கள். ஆசைத்தம்பி தன்னை அறியாமல் தன் கழுத்தில் கை வைத்து, வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். விரலுக்கடியில் ஏதோ உயிருள்ள பூச்சி துடிக்கிற மாதிரி இருந்தது. முப்பத்தைந்து வயதுவரை பேசியிருக்கிறான், சத்தம் போட்டிருக்கிறான். தொண்டைக்குள் இப்படி ஒன்று இருப்பதை இப்போதுதான் தொட்டுப் பார்க்கிறான்.

தீபா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்சரியில் அவள் பார்த்த வகுப்பில் பிள்ளைகள் வாயைத் திறந்து மூடுவார்கள், அவ்வளவுதான். இங்கே கை வாய்க்குப் போகிறது, மூக்குக்குப் போகிறது, நெஞ்சுக்குப் போகிறது. முந்தானையை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து வந்தது. பெயர் மாரீஸ்வரி, எண்ணெய் வழிகிற நெற்றி. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. தீபாவுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அவளுடைய வலக்கையை எடுத்துத் தன் மூக்கின் மேல் வைத்து, "ம்ம்ம்" என்றாள்.

தீபா கையை வெடுக்கென்று எடுத்தாள். விரலைப் பார்த்தாள். பிறகு அவளாகவே மறுபடி வைத்தாள். மாரீஸ்வரி மறுபடி சொன்னாள். அடுத்து ஒரு பையன் வந்து மூக்கைக் கொடுத்தான். அவனுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண். வரிசை என்று யாரும் சொல்லவில்லை, தள்ளுமுள்ளும் இல்லை. தண்ணீர் குடிக்க வருகிற மாதிரி வந்தார்கள். முணுமுணுத்துவிட்டுப் போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். தீபாவின் முகத்தில் முதலில் திகைப்பு இருந்தது. பிறகு ஒரு கூர்மை வந்தது. எதையோ கண்டுபிடிக்கப் போகிறவர்களின் முகம். நாகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆசைத்தம்பி எழுந்து நின்றுவிட்டான். ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு இன்பமேரி டீச்சர் பாயில் வந்து உட்கார்ந்தார். காது மிஷின், முகாம், சத்தியப்பிரியா என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, உங்களைப் பிள்ளை எப்படிக் கூப்பிடும் என்றார்.

நாகவல்லி மகளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ரெண்டு பேரையும் அப்பான்னுதான் டீச்சர் கூப்பிடும். என்னைய அம்மான்னு ஒருநாளும் கூப்பிட்டதில்ல. நானும் எத்தனையோதரம் சொல்லிக் கொடுத்துப் பாத்துட்டேன். வாயைப் பாத்துக்கிட்டே நின்னுட்டு, அப்பாங்கும்."

அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. டீச்சர் அவளுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். என் வாயைப் பாருங்கள், சத்தமில்லாமல் ஒன்று சொல்கிறேன், என்ன சொன்னேன் என்று சொல்லுங்கள் என்றார். சொன்னார்.

"அப்பா" என்றாள் நாகவல்லி.

"இல்ல. அம்மா."

மறுபடி சொன்னார். இந்தமுறை ஆசைத்தம்பி முந்திக்கொண்டு, அம்மா என்றான்.

"இப்பச் சொன்னது அப்பா" என்றார் டீச்சர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆசைத்தம்பி நாகவல்லியின் பக்கம் திரும்பி, உதட்டை மட்டும் அசைத்தான். அவள் உற்றுப் பார்த்தாள். எதைச் சொன்னான் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னாள். அவனாலும் முடியவில்லை. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடி ஒரே மாதிரி திறந்தது.

"பிள்ளை தப்பாச் சொல்லலம்மா" என்றார் டீச்சர். "கண்ணுக்கு என்ன தெரிஞ்சதோ அதைச் சரியாச் சொல்லியிருக்கு. அது கண்ணுக்கு உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பேருதான். வித்தியாசம் உதட்டுல இல்ல, மூக்குல இருக்கு. அதைக் கண்ணால பாக்க முடியாது, தொட்டாத்தான் தெரியும்."

இத்தனை வருடம் பிள்ளையின் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு 'அப்பா'வும் தன்னையும் சேர்த்துக் கூப்பிட்டதுதான் என்பது அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தபோது நாகவல்லிக்குள் இறங்கியது. அழவேண்டும் போலவும் இருந்தது, யாரையாவது கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று ஆசைத்தம்பி கேட்டான். காது கேளாத பிள்ளைகளுக்கென்று எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை என்றார் அவர். எழுத்து எங்கே பிறக்கிறது, நெஞ்சிலா மூக்கிலா கழுத்திலா என்று இலக்கணத்திலேயே இருக்கிறது, எல்லோரும் பரீட்சைக்குப் படித்துவிட்டு விட்டுவிடுகிறோம். இங்கே பிள்ளைகள் ல, ன இரண்டையும் குழப்பிக்கொண்டபோது தொட்டுப் பார்க்கச் சொன்னேன், அப்படியே பழகிவிட்டது என்றார். காது கேளாத ஒரு பிள்ளை இந்தப் பள்ளிக்கு வருவது இதுதான் முதல் தடவை.

ஆசைத்தம்பிக்கு மனசு சாய்ந்துவிட்டது. சாய்ந்த பிறகுதான் பயமும் வந்தது. தொழில் செய்கிறவன். ஆளை நம்பி வேலை ஒப்புக்கொண்டு, ஆள் போய்விட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஊருக்குள் இருக்கிற பள்ளியில் திரை இருக்கிறது, மேல்வகுப்பு இருக்கிறது, வீட்டுக்குப் பக்கம். அதைச் சொன்னான். இன்பமேரி டீச்சர் அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு சொல்கூடக் குறைவாகப் பேசவில்லை. என் அக்கா மகள் ஆஷ்லின் அங்கேதான் படித்தாள், நன்றாகப் படித்தாள் என்றார். பிறகு, கேட்காமலேயே இன்னொன்றையும் சொன்னார். மாறுதல் கலந்தாய்வில் அவருக்கு வேறு ஊர் விழலாம். வரும் வருடம் இங்கே இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

"நீங்க போயிட்டா எங்க பிள்ளைக்கு யாரு டீச்சர்?" என்றான் ஆசைத்தம்பி.

அவர் அறையின் மறுபக்கத்தைப் பார்த்தார். அங்கே மாரீஸ்வரியும் இன்னும் நாலைந்து பிள்ளைகளும் தீபாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் ஏதோ சொல்லப் போனான். பக்கத்திலிருந்த பிள்ளை அவன் தாடையைப் பிடித்துத் தீபாவின் பக்கம் திருப்பிவிட்டது. முகத்தைப் பார்த்துச் சொல் என்பதுபோல. அவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"நான் போனாலும் இந்தப் பிள்ளைக இங்கதானே இருக்கும்" என்றார் இன்பமேரி டீச்சர்.

ஆசைத்தம்பியும் அந்தப் பக்கம் பார்த்தான். ஞானசேகரிடம் போய், ஜூன் மாதம் எந்தத் தேதி கூட்டிவர வேண்டும் என்றான். சேர்க்கை நடந்துகொண்டுதானே இருக்கிறது, நாளைக்கே வந்து உட்காரட்டும், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கூட்டிவந்துவிடுங்கள், முட்டையைக் கணக்காக அவிக்க வேண்டும் என்றார் அவர். நாகவல்லி சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

கிளம்பும்போது தீபா வரமாட்டேன் என்று மாரீஸ்வரியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். நாகவல்லி குனிந்து தூக்கப் போனாள். தீபா கையை நீட்டி அம்மாவின் மூக்கைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நாகவல்லிக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. பிடிபட்டதும், "அம்மா" என்றாள். பிள்ளையின் கண்கள் விரிந்தன. மறுபடி, "அம்மா" என்றாள். தீபா இன்னொரு கையால் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை. சொல்ல அவசரமும் படவில்லை. அம்மாவின் மூக்கிலிருந்து வந்ததை விரல்களில் வாங்கிக்கொண்டு நின்றாள். நாகவல்லி சொல்லிக்கொண்டே இருந்தாள். புங்கமரத்தடியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஞானசேகர் கையில் இருந்ததைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்திருந்தது. மேற்கே மேகம் கட்டி, மழை இல்லாத காற்று மட்டும் வீசியது. தீபாவை நடுவில் உட்கார வைத்து நாகவல்லி பின்னால் ஏறிக்கொண்டாள். மானகிரி வருவதற்குள் ஆசைத்தம்பிக்கு முதுகில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருப்பது தெரிந்தது. பிள்ளை விழுந்துவிடாமல் இருக்கப் பிடித்திருக்கிறது என்று நினைத்தான். கை இடம் மாறியது. முதுகுத் தண்டின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தோளுக்குக் கீழே. எதையோ தேடுவதுபோல. பிறகு தட்டினாள்.

வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தான். தண்ணீர் வேண்டுமா என்று கையால் கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள். அவன் நெஞ்சைத் தொட்டாள், அவன் வாயைத் தொட்டாள். மறுபடி நெஞ்சைத் தொட்டாள்.

"பேசச் சொல்லுது" என்றாள் நாகவல்லி.

மகளிடம் ஆசைத்தம்பி வாய்விட்டுப் பேசி எவ்வளவோ நாளாகிவிட்டது. கேட்காத பிள்ளையிடம் என்ன பேசுவது என்று கை ஜாடையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவான். வா, சாப்பிடு, தூங்கு. நாகவல்லி பார்க்க, பட்டறைப் பூனையிடம்கூட அதைவிட அதிகம் பேசியிருக்கிறான். இப்போது வண்டியை எடுத்தான். முதுகில் இரண்டு கைகளும் ஒரு கன்னமும் வந்து ஒட்டின. என்ன பேசுவதென்று தெரியவில்லை. தொண்டையைச் செருமினான். அந்தச் செருமலுக்கே பிள்ளை சிலிர்த்துச் சிரித்தது அவன் முதுகுக்குத் தெரிந்தது.

"இது மானகிரி" என்றான். "அந்தா தெரியுதுல்ல, அது பெட்ரோல் பங்க். இங்குட்டுப் போனா கோவிலூரு."

ஒரு தட்டுத் தட்டினாள். இன்னும் என்பதற்கு.

அவன் சொன்னான். எதிரில் வந்த பஸ்ஸைச் சொன்னான். ஊருணியில் தண்ணீர் வற்றிப் போனதைச் சொன்னான். இன்றைக்கு அறுக்காமல் கிடக்கிற அலுமினியச் சட்டங்களைப் பற்றி, ஜன்னலுக்கு ஆள்மேல் ஆள் அனுப்புகிற வாத்தியார் வீட்டைப் பற்றி, அவள் பிறந்த அன்று பெய்த மழையைப் பற்றிச் சொன்னான். தொட்டிலைப் பட்டறையில் கட்டியதைச் சொன்னான். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அந்த இடத்தில் கைகள் இன்னும் அழுத்திப் பதிந்தன. பின்னாலிருந்த நாகவல்லி முன்னால் சாய்ந்து கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. காற்றில் பாதி அவளுக்கு எட்டவில்லை. ஆனால் நடுவில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் தப்பவில்லை என்று தோன்றியது.

காரைக்குடிக்குள் நுழைந்தபோது தெருவிளக்குகள் எரிந்துவிட்டன. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்து வந்தது. ஆசைத்தம்பி எதையோ சொல்லிக்கொண்டே அதைத் தாண்டிப் போனான். நாகவல்லி பார்த்தாள். சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளையை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்துக்கொண்டாள்.